மவுத் ஆர்கனில் உருக்கமாகப் பாட்டு வாசிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் குடியிருப்பு மொட்டை மாடியில் நாலைந்து பேர் சேர்ந்து மவுத் ஆர்கன் வாசிப்போம். படியேறி வந்து கேட்பவர்களில் பாதிப் பேர், இறங்கும்போது ஒரு சந்தேகத்தைக் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். பெரும்பாலும் அது போன வாரம் இன்னொருவர் கேட்டதாகவே இருக்கும். ஊதி வாய் வலிப்பது போதாதென்று பேசியும் வலிக்க வேண்டாம் என்று எழுதி வைத்தேன். கேள்விகள் அவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. மெதுவான, மனதை உருக்கும் சினிமாப் பாட்டுகளை வாசிக்க ஆசைப்படுபவர்களுக்காக எழுதியது இது. வேகப் பாட்டுக்காரர்களுக்கும் முதல் பாதி உதவும்.

ஹார்மோனிகாவும் மவுத் ஆர்கனும் ஒண்ணுதானா?

ஒன்றுதான். பெட்டியில் ஹார்மோனிகா என்று போட்டிருக்கும்; நம் ஊரில் வாங்குபவர் கேட்பது மவுத் ஆர்கன். ஹார்மோனியத்தில் இருக்கும் அதே வகை ரீடுதான், அதாவது காற்று பட்டால் அதிரும் மெல்லிய உலோகத் தகடுதான் உள்ளே இருக்கிறது. அங்கே துருத்தி, இங்கே நம் நுரையீரல். ஒரு பெரிய வித்தியாசம், இதில் ஊதினாலும் சத்தம் வரும், இழுத்தாலும் சத்தம் வரும், இரண்டும் வேறு வேறு ஸ்வரம். கீழே வரப்போகும் பாதிச் சிக்கலுக்கு இதுதான் காரணம்.

கடையில மூணு விதம் காட்டுறாங்க. எதை வாங்கறது?

24 ஓட்டைக்காரர் ட்ரெமொலோ. ஒரு ஸ்வரத்துக்கு இரண்டு ரீடு, ஒன்றுக்கொன்று இம்மியளவு சுருதி தள்ளி வைத்திருப்பார்கள். அதனால் சத்தம் தானாகவே அலையடிக்கும். கேட்டதும் பிடித்துப்போகும். ஆனால் அந்த அலையை நிறுத்த வழியில்லை, எல்லாப் பாட்டும் திருவிழா ராட்டினத்துப் பக்கத்தில் நின்று கேட்பதுபோல ஆகிவிடும். 10 ஓட்டைக்காரர் டயடோனிக். அமெரிக்க ப்ளூஸ்காரர்களின் வாத்தியம். சட்டைப்பையில் அடங்கும், விலையும் குறைவு. ஆனால் அதன் கீழ் ஸ்தாயியில் (ஸ முதல் அடுத்த ஸ வரை ஒரு ஸ்தாயி) ம, த இரண்டும் கிடையாது. மேல் ஸ்தாயியில் நி கிடையாது. பக்கத்து ஸ்வரத்தை மூச்சால் வளைத்துத்தான் அவற்றை வாங்க வேண்டும். அது கைவர மாசக்கணக்கில் ஆகும்.

நம் பாட்டுகளுக்கு 12 ஓட்டை குரோமாட்டிக் வாங்குங்கள். பக்கவாட்டில் ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினால் அரை ஸ்வரம் ஏறும். மூன்று ஸ்தாயி, ஒவ்வொன்றிலும் 12 ஸ்வரஸ்தானமும் உண்டு. சினிமா மெட்டு எந்த இடத்தில் அந்நிய ஸ்வரத்தைத் தொடும் என்று சொல்ல முடியாது, பட்டன் இல்லாமல் மாட்டிக்கொள்வீர்கள். வாங்கும்போது ஓட்டைக்கு நான்கு வீதம் 48 சத்தத்தையும் சோதியுங்கள்: ஊதி, இழுத்து, பட்டனோடு ஊதி, பட்டனோடு இழுத்து. நான் பழையது ஒன்றை ஆசையாக வாங்கி வீட்டுக்கு வந்த பிறகுதான் ஏழாம் ஓட்டையில் ஒரு ரீடு ஊமை என்று தெரிந்தது. இரண்டு வருஷம் அந்த ஸ்வரம் வராத பாட்டாகத் தேடித் தேடி வாசித்தேன்.

எனக்கு சங்கீதம் தெரியாது. ஸ்வரம் தெரியாம வாசிக்க முடியுமா?

உங்களால் அந்தப் பாட்டை முணுமுணுக்க முடிகிறதா? முடிந்தால் போதும். முணுமுணுக்க வராத பாட்டை ஆர்கனிலும் வாசிக்க முடியாது, எத்தனை ஸ்வரத்தாள் கையில் இருந்தாலும் சரி.

ஆனால் ஸ ரி க ம ப த நி என்ற ஏழு பெயரையும் அவை எந்த ஓட்டையில் இருக்கின்றன என்பதையும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடுங்கள். அடுத்தவரிடம் பேச அது வேண்டும்.

சரி, எந்த ஓட்டையில என்ன இருக்கு?

சி ஆர்கன், அதாவது ஒரு கட்டை ஆர்கனை வைத்துச் சொல்கிறேன் (ஸ எந்தச் சுருதியில் நிற்கிறது என்பதற்கு நம் ஊர்க் கணக்குதான் கட்டை). 1 ஊதினால் ஸ, இழுத்தால் ரி. 2 ஊதினால் க, இழுத்தால் ம. 3 ஊதினால் ப, இழுத்தால் த. நான்காவதில் வரிசை திரும்பிக்கொள்ளும்: முதலில் இழுத்தால் நி, பிறகு ஊதினால் மேல் ஸ. எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. 5 முதல் 8 வரை இதே அமைப்பு மறுபடியும், 9 முதல் 12 வரை இன்னொரு முறை. அதனால் நான்காவதில் ஊதினாலும் ஐந்தாவதில் ஊதினாலும் ஒரே ஸ-தான்.

இதில் ஒரு யோசனை. ஸ-வை முதல் ஓட்டையில் வைத்துப் பழகாதீர்கள், ஐந்தில் வையுங்கள். உருக்கமான பாட்டுகள் ஸ-வுக்குக் கீழே மந்தர ப (கீழ் ஸ்தாயி ப) வரை சர்வசாதாரணமாக இறங்கும். முதல் ஓட்டையில் நின்றுகொண்டிருந்தால் இறங்கப் படியே இருக்காது.

ஒரு ஓட்டையில ஊதினா பக்கத்து சத்தமும் சேர்ந்து வருதே?

எல்லோருக்கும் முதல் பத்து நாள் அப்படித்தான். உதட்டை விசில் அடிப்பதுபோலக் குவியுங்கள், ஆனால் ஆர்கனை உதட்டு நுனியில் வைக்காமல் உள்ளே ஈரமான பகுதிவரை கொண்டுபோங்கள். நுனியில் வைத்தால் சத்தம் மெலிந்து கீச்சிடும். தோளையும் தாடையையும் தளர விடுங்கள். தலையை அசைத்து ஓட்டை மாறாதீர்கள், கைதான் நகர வேண்டும்.

முதல்ல எந்தப் பாட்டு எடுக்கலாம்?

மோகன ராகத்தில் அமைந்த, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டு. ஸ ரி க ப த என்று ஐந்தே ஸ்வரம், பட்டனே தேவையில்லை, நான்காவது ஓட்டையின் அந்தத் திருப்பமும் அதிகம் தொந்தரவு செய்யாது. மெதுவான பாட்டு சுலபம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வேகப் பாட்டில் பிசிறு ஓடிப்போய்விடும். நாலு மாத்திரை கார்வையில், அதாவது ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் இடத்தில், உங்கள் மூச்சு நடுங்குவது தெருமுனை வரை கேட்கும்.

ஸ்வரமெல்லாம் சரியாத்தான் வருது. ஆனா கேட்டா பாட்டு மாதிரியே இல்லையே, ஏன்?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நீங்கள் மெட்டை வாசிக்கிறீர்கள், வார்த்தையை வாசிக்கவில்லை. பாடுபவர் வாயில் வார்த்தை இருக்கிறது. குறில் சட்டென்று முடிகிறது, நெடில் நீள்கிறது, வல்லினம் தட்டுகிறது, மெல்லினம் ஒட்டிக்கொண்டு வழிகிறது. இதெல்லாம் போய் வெறும் ஸ்வரம் மிஞ்சினால் அது கைப்பேசி ரிங்டோன். ஆகவே பாட்டின் வரிகளை மனப்பாடம் செய்யுங்கள், வாசிக்கும்போது மனதுக்குள் பாடிக்கொண்டே வாசியுங்கள். வரியில் க, ச, ட, த, ப என்ற எழுத்துகள் ஒற்றும் இடத்தில் நாக்கால் காற்றை லேசாகத் தட்டி நிறுத்துங்கள். ம, ந, ல, ர எழுத்துகள் வரும் இடத்தில் நாக்கைச் சும்மா விடுங்கள். 'பட்டம்' என்ற சொல்லையும் 'அம்மா' என்ற சொல்லையும் ஒரே இரண்டு ஸ்வரத்தில் வாசித்துப் பாருங்கள். கேட்பவருக்கு எது எது என்று தெரிய வேண்டும். தாலாட்டின் 'ஆராரோ'வில் தட்டவே இடமில்லை, முழுக்க மூச்சு. அந்தப் பெட்டிக்குள் நம் மொழி நுழைவது இந்த ஒரு வழியில்தான்.

இரண்டாவது, பாடியவர் எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கே நீங்களும் இடைவெளி விடுங்கள். ஆர்கனில் இழுப்பதும் ஸ்வரம் என்பதால் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போகலாம். வயலின்காரருக்கும் இந்த வசதி உண்டு, ஆனால் அவர் வில் திரும்பும் இடத்தைக் கணக்குப் போட்டு வைத்திருப்பார். நாம் வைப்பதில்லை. வரிக்கு வரி அரை நொடி மௌனம் விட்டால் மனிதர் பாடுவதுபோல இருக்கும். வீட்டுப்பாடமாக ஒரு பல்லவியை இருபது முறை கேட்டு, மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் காகிதத்தில் கோடு போடுங்கள். ஆர்கனைத் தொட வேண்டாம். அந்தக் காகிதம் ஸ்வரத்தாளைவிட உதவும்.

மூன்றாவது, எல்லா ஸ்வரத்தையும் ஒரே பலத்தில் ஊதாதீர்கள். வரியின் முக்கியமான சொல் எதுவோ அதற்கு மட்டும் மூச்சைக் கொடுத்து, மற்றதை விட்டுக்கொடுங்கள். அப்புறம், சத்தமாக வாசித்தால் உருக்கம் கூடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ரீடு சின்னது, அடித்து ஊதினால் சுருதி இறங்கும்.

ரெண்டு வரி வாசிச்சா நெஞ்சு அடைக்குது. மூச்சு பத்தலையா?

பற்றாமல் இல்லை, மிஞ்சிப்போகிறது. ஓட்டை வரிசையைப் பாருங்கள்: ஸ க ப ஊதல், ரி ம த நி இழுப்பு. இழுப்பு ஸ்வரம் அதிகம் வரும் வரியில் நுரையீரல் நிரம்பி வழியும். மேலே சொன்ன இடைவெளிகளில் மூக்கு வழியாக வெளியே விடுங்கள். ஊதல் அதிகம் வரும் வரியானால் அதே இடத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். தலை கிறுகிறுத்தால் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடியுங்கள், வீரம் வேண்டாம்.

வைப்ரேட்டோ எப்படிக் கொண்டுவர்றது?

ஸ்வரத்தை மெல்ல அலையாட வைக்க இரண்டு வழி. ஆர்கனைச் சுற்றி இரண்டு கையையும் கிண்ணம்போல மூடி, வெளிக்கையைத் திறந்து மூடுவது ஒன்று. ஓசையின் நிறம் மாறும், சுருதி மாறாது. அடிவயிற்றிலிருந்து 'ஹ ஹ ஹ' என்று சத்தமில்லாமல் சிரிப்பதுபோல மூச்சை அலைக்கழிப்பது இன்னொன்று. உருக்கமான பாட்டுக்கு எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

எதைச் செய்தாலும் ஸ்வரம் பிறந்ததும் ஆட்டாதீர்கள். நேராக நிற்கட்டும், கார்வையின் பின்பாதியில் மெல்ல ஆடட்டும். எல்லா ஸ்வரத்திலும் ஆட்டினால் ட்ரெமொலோவே வாங்கியிருக்கலாம்.

ஒரிஜினல் பாட்டு ஒன்றரைக் கட்டையில இருக்கு. என்கிட்ட இருக்கிறது ஒரு கட்டை ஆர்கன். வேற வாங்கணுமா?

வேண்டாம். பட்டனை உள்ளே அழுத்தியபடியே, ஒரு கட்டைக்கு வாசிப்பதுபோல வாசியுங்கள். எல்லாமே அரை ஸ்வரம் ஏறி ஒன்றரைக் கட்டை ஆகிவிடும். ஏழு ஸ்வரத்துக்கு வெளியே ஏதாவது தேவைப்பட்டால் அந்த இடத்தில் பட்டனை விட வேண்டும், அதாவது வழக்கத்துக்குத் தலைகீழ். பழகிவிடும்.

மற்ற கட்டைகளுக்கு, தனியாக வாசிப்பதானால் கட்டையைப் பற்றிக் கவலையே படாதீர்கள், உங்களுக்கு வசதியான இடத்தில் வாசியுங்கள். கரோக்கியோடு என்றால் தடத்தின் சுருதியை ஏற்றி இறக்கும் ஆப்கள் உண்டு. இரண்டு கட்டைக்கு மேல் இழுத்தால் தபலா தகர டப்பாவாகிவிடும், அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

கரோக்கியோட சேர்ந்தா லேசா உரசுற மாதிரி இருக்கே? என் காதுதான் கோளாறா?

காது நன்றாக இருக்கிறது. கரோக்கித் தடங்கள் பெரும்பாலும் 440 (நொடிக்கு அத்தனை அதிர்வு) என்ற சுருதி அளவுக்கு இருக்கும். ஆர்கன் கம்பெனிகள் பல 442, 443 என்று சற்று ஏற்றி வைப்பார்கள், மூச்சின் அழுத்தத்தில் ரீடு இறங்கும் என்பதால். 443 என்றால், ஓர் அரை ஸ்வரத்தை நூறு பங்காக்கினால் அதில் சுமார் 12 பங்கு அதிகம். மெதுவான பாட்டில் இது தெரியும். அதே ஆப்பில் தடத்தைச் சிறு அளவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சி ஆர்கன்ல சோகப் பாட்டு வராதுன்னு சொல்றாங்களே?

யார் சொன்னது? ஸ-வை இடம் மாற்றினால் போதும். நம் சங்கீதத்தில் இதற்குக் கிரக பேதம் என்று பெயர். பட்டனைத் தொடாமல் வரும் அதே ஏழு ஸ்வரம்தான். முதல் ஓட்டை ஊதலை ஸ என்று வைத்தால் சங்கராபரண ராகம். இழுப்பு ரி-யை ஸ என்று நினைத்து அங்கிருந்து மேல் ரி வரை போனால் கரகரப்ரியா. க-விலிருந்து தோடியின் ஸ்வரங்கள், ம-விலிருந்து கல்யாணி, ப-விலிருந்து ஹரிகாம்போஜி, த-விலிருந்து நடபைரவி. நீங்கள் தேடும் சோகத்தில் பெரும்பங்கு அந்தக் கடைசி வீட்டில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் இதையே 'பொசிஷன்' என்று தனிப் பாடமாக நடத்துகிறார்கள்.

முதல் பாட்டுக்குச் சொன்ன மோகனத்தையும் இப்படிப் புரட்டிப் பாருங்கள். அதன் க-வை ஸ ஆக்கினால் ஹிந்தோளம், ரி-யை ஸ ஆக்கினால் மத்யமாவதி. ஐந்து ஸ்வரம் பழகியவருக்கு மூன்று ராகம். ஸ இடம் மாறும்போது கட்டையும் மாறும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்: த-விலிருந்து வாசித்தால் நீங்கள் ஆறு கட்டையில் இருக்கிறீர்கள்.

கமகம் வருமா வராதா? உண்மையைச் சொல்லுங்க.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைப்பது, கொஞ்சம் வரும். 1940-இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. ஸ்வரங்களுக்கு இடையில் வழுக்கிப் போக முடியாது, சுருதி நம்முடையது அல்ல என்பவைதான் குற்றச்சாட்டு. 1971 வாக்கில்தான் அது தளர்ந்தது. அதே குற்றச்சாட்டு அதன் தம்பியான இந்தப் பெட்டிக்கும் பொருந்தும். மேலே 'தோடியின் ஸ்வரங்கள்' என்றுதான் எழுதினேன், தோடி என்று எழுதவில்லை. தோடியின் காந்தாரம் (க) ஆடும் ஆட்டத்தை இதில் கொண்டுவருவதாகச் சொல்பவர் வாசித்து நான் இதுவரை கேட்டதில்லை.

வருவது இதுதான். க-வும் ம-வும் ஊதல், இழுப்பு என்று மூச்சு திரும்பும் இடம், அதனால் ஒட்டாது. ஆனால் க-வை ஊதியபடியே பட்டனை அழுத்தினால் அதே மூச்சில் ம வரும். அழுத்தி, விட்டு, அழுத்தினால் க-ம-க என்று ஒரே மூச்சில் அசையும். அதேபோல நான்காவதில் நி-யை இழுத்தபடி பட்டனை அழுத்தினால் மேல் ஸ. இந்த இரண்டு இடத்தையும் கையில் வைத்துக்கொண்டாலே பாதி சங்கதிகள் உயிர்பெறும். பிருகா (வேகமாகச் சுழலும் ஸ்வரக் கொத்து) அடர்ந்த பாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அல்லது பிருகாவை எளிய இரண்டு ஸ்வரமாகக் கழித்துவிட்டு அமைதியாகக் கடந்துபோங்கள். தடுமாறிக்கொண்டு ஓடுவதைவிட அது மரியாதை.

இடையிசையையும் நானே வாசிக்கணுமா?

கரோக்கி இருந்தால் அது பார்த்துக்கொள்ளும், நீங்கள் மூச்சு வாங்குங்கள். தனியாக என்றால் முழு இடையிசையையும் இழுக்காமல் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும் அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் சரணத்தை ஒரு ஸ்தாயி கீழேயோ மேலேயோ மாற்றினால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். மூன்று சரணம் இருந்தால் ஒன்றை விட்டுவிடுங்கள். வார்த்தை இல்லாமல் ஐந்து நிமிஷம் என்பது கேட்பவருக்கு ரொம்ப நீளம்.

சினிமாவுலயே நிஜமா இதை வாசிச்சிருக்காங்களா?

நிறைய. இந்தி இசையமைப்பாளர் ஆர்.டி. பர்மனே நல்ல மவுத் ஆர்கன்காரர். 1958-இல் வந்த 'சோல்வா சால்' இந்திப் படத்தில், தன் அப்பா எஸ்.டி. பர்மன் இசையில், ஒரு பாட்டுக்கு அவர் வாசித்திருக்கிறார். 1975-இன் 'ஷோலே'வில் அமிதாப் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பதாக வரும் இசை பானு குப்தா வாசித்தது. எதிர்வீட்டில் ஜெயா பாதுரி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போவார். ஒரு சொல்கூட இல்லாமல் இந்த வாத்தியம் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள அது போதும். வெளியே என்றால் பெல்ஜியத்தின் ஜாஸ் மவுத் ஆர்கன்காரர் டூட்ஸ் தீல்மான்ஸ் (1922–2016) வாசித்ததைக் கேளுங்கள். ஜாஸ் பிடிக்காவிட்டாலும் மௌனத்தை எங்கே வைக்கிறார் என்பதற்காகக் கேளுங்கள்.

வாசிச்சிட்டிருக்கும்போதே ஒரு ஸ்வரம் ஊமையாயிடுது, கொஞ்ச நேரத்துல தானா வருது. ரிப்பேரா?

இல்லை. குரோமாட்டிக்கில் ரீடுக்குப் பக்கத்தில் மெல்லிய தாள்போன்ற வால்வு இருக்கும். சூடான மூச்சு குளிர்ந்த உலோகத்தில் பட்டு ஈரமாகி வால்வு ஒட்டிக்கொள்கிறது. நம் வெயிலில் வராத இந்தச் சிக்கல் ஏசி மண்டபத்தில் தவறாமல் வரும். மேடையேறுமுன் பத்து நிமிஷம் சட்டைக்குள்ளோ கைக்குள்ளோ வைத்துச் சூடாக்குங்கள். வாசித்து முடித்ததும் ஓட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி உள்ளங்கையில் தட்டி ஈரத்தை உதறுங்கள். பட்டன் ஒட்டினால் காரணம் பெரும்பாலும் இனிப்புதான்: பாயசம் சாப்பிட்டு வாய் கொப்பளிக்காமல் வாசித்திருப்பீர்கள். குழந்தை ஆசையாகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அதற்கென்று ஒரு மலிவான ஆர்கன் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

போன்ல பதிவு பண்ணா கிறீச்சுன்னு இருக்கே?

போனை முகத்துக்கு நேரே வைக்காமல் மூன்றடி தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். குளியலறையைவிடத் துணி நிறைந்த படுக்கையறை நல்லது. எதிரொலியைப் பிறகு சேர்க்கலாம், எடுக்க முடியாது.

யூட்யூப்ல போட்டா காப்பிரைட் வருமா? நான்தானே வாசிக்கிறேன்?

வாசிப்பு உங்களுடையது, மெட்டு உங்களுடையது அல்ல. இந்தியச் சட்டப்படி இசையமைத்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு உரிமை நீடிக்கும். கரோக்கித் தடம் இன்னொருவர் பதிவு செய்தது, அதற்குத் தனி உரிமை. பெரும்பாலும் நடப்பது, வீடியோ இருக்கும், விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும். சில சமயம் வீடியோவே நீக்கப்படும். காசு பார்க்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டி உரிமம் வாங்குங்கள்.

அப்பா நினைவு நாளுக்கு அவருக்குப் பிடிச்ச பாட்டை வாசிக்கணும். நடுவுல அழுதுடுவேனோன்னு பயமா இருக்கு.

இதை இதுவரை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். தொண்டை அடைத்தால் முதலில் போவது இழுப்பு ஸ்வரங்கள், ஊதல் கொஞ்சம் தாங்கும். அதனால் பல்லவியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சரணம் வேண்டாம். ஸ-வை ஐந்தாம் ஓட்டையிலேயே வையுங்கள், உச்ச ஸ்தாயிக்குப் போக வேண்டாம். வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகப் பழகுங்கள், அன்றைக்குத் தானாக மெதுவாகிவிடும். மனதுக்குள் வரிகளைப் பாடிக்கொண்டு வாசிக்கச் சொன்னேன் இல்லையா, அன்று ஒரு நாள் மட்டும் வேண்டாம், ஓட்டை எண்ணை எண்ணிக்கொண்டு வாசியுங்கள். நடுவில் நின்றுவிட்டால் ஆர்கனை மடியில் வைத்துவிடுங்கள். அந்த வரியை அங்கே இருப்பவர்களில் யாராவது ஒருவர் பாடி முடிப்பார்கள். மூன்று பேரில் இரண்டு பேர் வீட்டில் அப்படித்தான் நடந்தது.